தண்ணீர் மேல் அறையா, மணல் மேல் அறையா

கார்த்தி, நீ அனுப்பிய மூன்று ஹோட்டல்களையும் பார்த்துவிட்டேன். பார்த்தேன் என்று சொல்வது குறைச்சல், மூன்று நாளாக அவற்றுக்குள்தான் குடியிருக்கிறேன். இரண்டு தடவை பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. உன் அப்பா, நான் மாலத்தீவில் இருக்கிறேனா ராஜபாளையத்தில் இருக்கிறேனா என்று கேட்டுவிட்டுத் தானே காபி போட்டுக்கொண்டார். நீ ஒரு வரியில் பதில் எதிர்பார்த்திருப்பாய். ‘எது நல்லாருக்கும்னு நீயே சொல்லும்மா, பவித்ராகிட்ட கேட்டேன், உங்க இஷ்டம்னுட்டா, ஞாயித்துக்கெழமைக்குள்ள புக் பண்ணணும், அதுக்குப் பொறவு மாத்த முடியாது’ என்று ஒரே மூச்சில் அனுப்பியிருந்தாய். முப்பது வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்தவளிடம் போய்த் தீவைப் பற்றிக் கேட்டது உன் தப்பு. ஒரு வரியில் முடியாது. கல்யாண வேலைக்கு நடுவில் அரை மணி நேரம் ஒதுக்கி, உட்கார்ந்து படி.

முதலாவது, நீ உயிரை விடுகிற தண்ணீர் மேல் அறை. கடலுக்குள் மரக்கால் நட்டு அதன் மேல் வீடு. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள், கீழே மீன் போவது தெரியுமாம். குளிக்கிற தொட்டி வெட்டவெளியில் இருக்கிறது. நம்மூர்ப் பக்கம் தோப்பு மோட்டார் தொட்டியில்தான் ஆட்கள் இப்படிக் குளிப்பார்கள். கட்டிலில் துண்டை அன்னமாக மடித்து வைத்து, சுற்றிலும் பூவைக் கொட்டியிருக்கிறார்கள். எனக்கு அன்னத்தைப் பார்க்கத் தோன்றவில்லை, படுக்கிறதுக்கு முன்னால் அந்தப் பூவை எல்லாம் யார் கூட்டி எடுப்பார்கள் என்றுதான் யோசனை ஓடியது. இரண்டாவது, ஒரு தீவு முழுக்க ஒரே ஹோட்டல். படத்தில் இருக்கிற ஜனங்கள் எல்லாரும் வெள்ளை உடுப்புப் போட்டு ஒரே மாதிரிச் சிரிக்கிறார்கள். மூன்றாவதை நீ எண்ணிக்கைக்குச் சேர்த்திருக்கிறாய் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்தத் தீவில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம், மசூதி, பந்து விளையாடுகிற மைதானம், படகு செய்கிற கொட்டகை, அதற்கு நடுவில் பத்து அறை உள்ள சின்ன ஹோட்டல். படி இறங்கினால் மணல், நாலு எட்டு வைத்தால் கடல்.

எனக்கு வந்த சந்தேகங்களை எழுதினால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். சுற்றிலும் உப்புத் தண்ணீர், ஆறு கிடையாது, மலை கிடையாது. குடிக்கிற தண்ணீருக்கு என்ன செய்வார்கள்? கடல் நீரையே சுத்தம் பண்ணிக் குடிக்கிறார்கள் என்று தேடித் தெரிந்துகொண்டேன். சேருகிற குப்பை எங்கே போகும்? துண்டை அன்னமாக மடிக்கிறவர்கள் எங்கே படுப்பார்கள்? அவர்களுக்குக் கல்யாணம் ஆனால் எங்கே போவார்கள்? ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் அது நாலு கேள்வியைக் கூட்டிக்கொண்டு வருகிறது. தை மாதக் கல்யாணம் என்பதால் மழையைப் பற்றிப் பயம் வேண்டாம், மாசியில் அங்கே வெயில்தான், கடல் அடங்கியிருக்கும். இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஹோட்டலைப் பற்றி ஜனங்கள் எழுதியிருக்கிற அபிப்பிராயங்களையும் படித்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவனையும் ஒரு நட்சத்திரம் கொடுத்தவனையும் தள்ளிவிடு. நூறு மார்க் பேப்பரிலும் முட்டை மார்க் பேப்பரிலும் திருத்துகிறவளுக்குத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது. நாற்பத்தைந்து மார்க் பேப்பரில்தான் பையன் எங்கே யோசித்தான், எங்கே விட்டான் என்பதெல்லாம் தெரியும். மூன்று நட்சத்திரக்காரர்களைப் படி. கடல் சத்தம் போடுகிறது என்று ஒரு அம்மாள் குறைப்பட்டிருக்கிறாள். அவளை ஒரு நாள் நம் மில் ரோட்டில் குடிவைக்க வேண்டும்.

இத்தனையும் வேடிக்கைதான். ஆனால் உன் செய்தியில் ஒரே ஒரு சொல் தொண்டையில் முள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. ‘உங்க இஷ்டம்’ என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாளே, அதுதான். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தண்ணீர் வீட்டைப் பிடிக்கப் போகிறாய். புதன்கிழமை அவளுக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டியிருந்தது. டெய்லர் கடையில் எங்களுக்கு முன்னால் நாலு கல்யாணப் பெண்கள் காத்திருந்தார்கள், ஆகவே பேச நேரம் நிறையக் கிடைத்தது. அவளிடம் செல்போனை நீட்டி, மூன்றில் எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, அவங்க இஷ்டம் அத்தை என்றாள். நான் விடவில்லை. முடிவு செய்யக் கேட்கவில்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்றேன். அவள் முதலாவது ஹோட்டலின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பிறகு பொறுமையாக ஒரு கேள்வி கேட்டாள்.

“அத்தை, இந்த ரூம்ல இருந்து எறங்கி நடக்கதுக்கு எடம் இருக்குமா?”

அவ்வளவுதான் கேட்டாள். அதற்குள் டெய்லர் கூப்பிட்டுவிட்டான். கூட வந்திருந்த அவள் அம்மா பிறகு என்னிடம் சொன்னார்கள், இந்தப் பிள்ளை விடியற்காலையில் எழுந்து கோயிலைச் சுற்றி நாலு வீதியும் நடந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்புமாம். மழை பெய்தாலும் குடையைப் பிடித்துக்கொண்டு போகுமாம். நிச்சயம் முடிந்து நாலு மாதமாக நீயும் அவளும் தினமும் மணிக்கணக்கில் பேசுகிறீர்கள். உனக்கு இது தெரியுமா? தெரிந்திருந்தால் சந்தோஷம். தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்விதான். வந்ததும் பொறுக்க முடியாமல், முதலாவது ஹோட்டலின் இணையப் பக்கத்தில் போட்டிருந்த வாட்ஸ்அப் எண்ணுக்குக் கூப்பிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, உன் பேரைச் சொல்லவில்லை. என் இங்கிலீஷை இரண்டு வாக்கியம் கேட்டதுமே அந்தப் பக்கம் இருந்த பையன், “மேடம், தமிழா?” என்றான். விளாத்திகுளம் பக்கமாம், நாலு வருடமாக அங்கே வேலை பார்க்கிறானாம். கடலுக்குள் இருக்கிற அறையில் தங்கினால் நடக்க இடம் உண்டா என்று கேட்டேன். மரப்பாலம் இருக்கிறது, கரை வரைக்கும் போய்த் திரும்பப் பத்து நிமிடம் ஆகும், அந்தப் பக்கம் தீவை ஒரு சுற்றுச் சுற்றினால் கால் மணி நேரம், அவ்வளவுதான் என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “எல்லாரும் போட்டோவுக்காகத் தண்ணி ரூம் கேப்பாவ மேடம். சில பேருக்கு அது சொர்க்கந்தான். சில பேரு மூணாம் நாளு மணல்ல வந்து உக்காந்திருப்பாவ” என்றான். ஹோட்டலை விற்க வேண்டியவன் இந்த அளவுக்கு உண்மை சொன்னானே என்று அவன் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். ஆகிவிட்டதாம். எங்கே கூட்டிப் போனாய் என்றேன். திருச்செந்தூர் என்றான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதை உன்னிடம் நான் முழுசாகச் சொன்னதில்லை. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு என் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நானும் உன் அப்பாவும் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் கையில் இரண்டு பை, ஒரு தூக்கு நிறையப் பால்கோவா. பஸ் கிளம்பப் போகிற நேரம் உன் அப்பா கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே, எங்கேயாவது போய்விட்டு வருவோமா, உனக்கு எங்கே போக ஆசை என்று கேட்டார். மூன்று நாள் கல்யாணத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ராமேஸ்வரம். பி.எட். படித்த காலத்திலிருந்து அந்த ஆசை. தீவு, மணல்திட்டு, நீரிணை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவள், ஒரு தீவையாவது காலால் மிதிக்க வேண்டும், ரயிலில் கடலைத் தாண்டி அதற்குள் போக வேண்டும் என்று வைத்திருந்தேன். ஆனால் மஞ்சள் கயிறு காயாத பெண், ராமேஸ்வரம் போக வேண்டும் என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? எங்கள் இரண்டு குடும்பத்திலும் அங்கே திதி கொடுக்கத்தான் போவார்கள். புதுப் பெண் வாயில் வருகிற ஊரா அது என்று நானே விழுங்கிக்கொண்டு, “உங்க இஷ்டம்” என்றேன். கண்டக்டர் விசில் அடித்தார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

உங்கள் இஷ்டம் என்று நான் சொன்னது ராஜபாளையம் வருவதற்குள் வீட்டின் இஷ்டமாகிவிட்டது. உன் அப்பா வீட்டில் போய், அவள் எங்கே என்றாலும் சரி என்கிறாள் என்று சொன்னார். சாரல் காலம், குற்றாலம் போகலாம் என்று உன் அப்பத்தா சொன்னார்கள். குற்றாலம் என்றால் நாங்களும் வருகிறோம் என்று உன் அத்தை சொன்னாள். ஒரு வேனில் பதினோரு பேர், ஒரு மூட்டை அரிசி, இரண்டு குக்கர். அங்கே லாட்ஜில் இரண்டு அறை எடுத்தார்கள், பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. அருவியிலும் அப்படித்தான், பெண்கள் பக்கம் ஒன்று, ஆண்கள் பக்கம் ஒன்று, நடுவில் கம்பி. நான் உன் அத்தைக்கு முதுகு தேய்த்துவிட்டேன், உன் அப்பா அவருடைய மச்சானுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை கையைத் தூக்கிக் காட்டினார். அது எனக்கா, என் பக்கத்தில் நின்ற உன் அத்தைக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று நாளும் அவரை முகத்துக்கு நேரே பார்த்தது சாப்பாட்டு நேரத்தில்தான், அப்போதும் நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். தேனிலவு என்று சொன்னால் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வருகிறது, அன்றைக்கு வந்தது அழுகை.

ராமேஸ்வரத்துக்கும் போனேன், பதினாறு வருடம் கழித்து. உன் தாத்தா காரியத்துக்காகப் போனோம். உன்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனது உனக்கு நினைவிருக்கலாம். மதுரையில் ரயில் ஏறியதுமே சன்னல் ஓரம் பிடித்துக்கொண்டேன். துக்கத்துக்குப் போகிறவளுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் இருந்ததை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. மண்டபம் தாண்டியதும் காற்று மாறியது. கடல் தெரிய ஆரம்பித்தது. அப்போது உன் அப்பத்தா, கீழே தண்ணியைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, ஷட்டரை இறக்கு என்றார்கள். புருஷனைப் பறிகொடுத்து வந்திருக்கிறவர்களிடம் என்ன சொல்ல முடியும்? இறக்கினேன். பாலம் முழுக்க ஷட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே போனேன். திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. அடுத்த வாரம் வகுப்பில் பாம்பன் தீவு என்று வரைபடத்தில் காட்டியபோது ஒரு பிள்ளை, நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர் என்று கேட்டது. பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது.

இதில் உன் அப்பாவைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அவர் கேட்டார், நான்தான் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை, சொல்லாமலே அவர் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். கண்டுபிடிக்காதபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இந்த வீடு கட்டும்போது சமையலறைச் சன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்டார். உங்க இஷ்டம் என்றேன். அவர் ரோட்டைப் பார்த்து வைத்தார். எனக்கு மலையைப் பார்த்து வேண்டும், மேகம் இறங்கி மலை பாதி காணாமல் போவதைச் சமைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். இருபது வருடமாக ரோட்டில் போகிற மாவு மில் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவை உரக்க ஹாரன் அடிக்கும்போதும் அவர் மேல்தான் கோபம் வருகிறது. அந்த மனுஷனுக்கு ஏன் என்றே தெரியாது.

இந்த வியாதியை உனக்கும் கொடுத்தேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் என்று உன்னைக் கேட்டபோது, உங்க இஷ்டம்மா என்றாய். நான் பூரித்துப்போய் மறுநாள் ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொன்னேன், என் பிள்ளை எப்பேர்ப்பட்ட பிள்ளை பாருங்கள் என்று. கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்த்துவிட்டேன். ஏழு வருடம் கழித்து, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பேச்சோடு பேச்சாகச் சொன்னாய், எனக்கு அப்ப வரலாறு படிக்கத்தான் ஆசை என்று. நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் கேள்வி கேட்டுக் கேட்டுக் குடைந்தெடுத்தவள், சொந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வியோடு நின்றுவிட்டேன். அந்தச் சொல் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்திருக்கிறது. என்னை மன்னித்துக்கொள்.

ஆகவே, கார்த்தி, எந்த ஹோட்டல் என்று நான் சொல்லப் போவதில்லை. அவள் கேட்ட கேள்வியை உன்னிடம் சொல்லிவிட்டேன் என்பதற்காக அவசரப்பட்டு மூன்றாவதைப் புக் செய்துவிடாதே. அப்படிச் செய்தால் அது உன் அம்மா பிடித்த ஹோட்டலாகிவிடும், அந்தப் பெண் மறுபடியும் வேனில் பதினோராவது ஆளாக உட்கார வேண்டியதுதான். நடக்க இடம் வேண்டும் என்று கேட்டாளா, தண்ணீருக்கு மேல் படுக்கப் பயந்து கேட்டாளா, சும்மா என்னைப் போலத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாளா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். ஆனால் அது நீ தெரிந்துகொள்ள வேண்டியது. நாளைக்குச் சனிக்கிழமை. அவளைக் கூப்பிட்டுக் கேள். எந்த ஹோட்டல் என்று கேட்காதே, அங்கே போய்க் காலையில் எழுந்ததும் என்ன செய்ய ஆசை என்று கேள். உங்க இஷ்டம் என்றுதான் முதலில் சொல்லுவாள். அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளாதே, கதவைத் தட்டினால் யாரது என்று உள்ளேயிருந்து கேட்பார்களே, அந்த மாதிரிதான் அது. நின்று இன்னொரு தடவை கேள். உனக்குத் தண்ணீர் வீடுதான் பிடிக்கும் என்றால் அதையும் மறைக்காமல் சொல். இரண்டு பேர் ஆசையும் வெளியே வந்த பிறகு எந்த ஹோட்டலுக்குப் போனாலும் அது நல்ல ஹோட்டல்தான்.

இதுவரை எழுதிவிட்டு, விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று உன் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உள்ளே என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று உறைத்தது, பிடுங்கவும் முடியவில்லை. பஞ்சு மில்லில் முப்பத்து நாலு வருடம் மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொன்ன மனுஷன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். குற்றாலம் வந்த இடத்தில் சிரித்தார். அந்தக் கை எனக்குத்தானாம், உன் அத்தைக்கு இல்லையாம். அதற்கு அடுத்த தாளில் சிரிப்பு நின்றுவிட்டது. முடித்துவிட்டுத் தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ராமேஸ்வரமா? இம்புட்டு வருசமா ஏன் சொல்லல?”

“நீங்க ஒருக்காதான கேட்டிய.”

ரோட்டில் மாவு மில் வண்டி போனது. அவர் எழுந்து சமையலறைச் சன்னல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“சரி, இப்பக் கேக்கேன். உனக்கு எங்க போணும்?”

உங்க இஷ்டம் என்பது பழக்கத்தில் பல்லுக்குப் பின்னால் வரை வந்துவிட்டது, கார்த்தி. உனக்கு இத்தனை பக்கம் புத்தி சொல்லிவிட்டு நானே அதைச் சொல்லப் பார்த்தேன். விழுங்கிவிட்டு, ராமேஸ்வரம் என்றேன். ரயிலில் போக வேண்டும், சன்னல் ஓரம் வேண்டும், யார் சொன்னாலும் ஷட்டரை இறக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு செல்போனை எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“எந்தப் பக்கத்துச் சன்னல்?”

முப்பத்தோரு வருடத்தில் உன் அப்பா ஒரே விஷயத்தில் என்னிடம் இன்னொரு கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாலத்தில் இரண்டு பக்கமும் கடல்தான், அதுகூடத் தெரியாமலா முப்பது வருடம் பாடம் நடத்தினேன். ஆனாலும் அவசரப்படாமல் நன்றாக யோசித்து, இடது பக்கம் என்று சொன்னேன்.

அம்மா